நூற்று நாற்பது பாட்டும் ஒரு காதும்

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம், ஒரே சாயங்காலத்தில் மூன்று தடவை மாடிப்படி இறங்கி ஓடினேன், தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதற்காக. சுவர் வழியாக 'தும்... தும்... தும்' என்று ஒரு சத்தம். நின்று நின்று வந்தது. மோட்டாரில் காற்று அடைத்துக்கொண்டால் என் அம்மா வீட்டில் இப்படித்தான் கேட்கும். ஸ்விட்சைப் பார்த்தால் அணைந்துதான் இருக்கிறது. மேலே ஏறினால் மறுபடியும் 'தும்'.

கடைசியில் மாமியாரிடம் போய், "அத்தை, மோட்டார் கெட்டுப்போச்சு போல. அணைச்சாலும் ஓடுது" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அது மோட்டார் இல்லம்மா, உன் நாத்தனார்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்‌ஷனில் டைப்பிஸ்ட். காலை ஏழு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "நேரம் வரும்போது சொல்றேன்" என்பார். அந்த நேரம் இதுவரை வரவில்லை. நாத்தனார் இருக்கிற வீடு என்று என் அம்மா என்னைப் பத்து நாள் உட்கார வைத்து எச்சரித்து அனுப்பியிருந்தார். அந்தப் பத்து நாளில் பேஸ் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அக்காவின் அறைக் கதவைத் தட்டாமல் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல். தலையில் ஹெட்போன். மடியில் நாலு தடிக் கம்பிகள் கட்டின, அடிக்குரலில் முழங்கும் நீளமான கிட்டார். மேஜைமேல் கம்ப்யூட்டர். அதிலிருந்து ஒரு வயர் கீழே இறங்கி, அக்காவின் வலது கால் அடியில் தையல் மிஷின் பெடல் மாதிரி இருந்த ஒரு பொருளுக்குள் போனது. கால் அதை மிதிக்கும், விடும், மறுபடி மிதிக்கும். ஒவ்வொரு தடவை விடும்போதும் ஒரு 'தும்'.

என்னைப் பார்த்ததும் ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்தி, "என்னம்மா, சத்தமா இருக்கா?" என்றார்.

"இல்லக்கா. மோட்டாரோன்னு நினைச்சேன்."

"பரவால்ல. தாளம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

அந்தப் பெடலில்தான் அக்காவின் கதை ஆரம்பிக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், குறிப்புகளை ஒரு சின்ன மிஷினில் பேசிப் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டு டைப் அடிப்பதுதான் அக்காவின் வேலை. ஒரு டாக்டர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவார். இன்னொருவர் பாதி வாக்கியத்தில் போனை எடுத்து வீட்டில் சண்டை போடுவார். மூன்றாமவர் ரயிலைப் பிடிக்கப் போவது மாதிரிப் பேசுவார். டைப்பிஸ்டுக்கு இரண்டு கையும் கீபோர்டில் இருப்பதால், பதிவை ஓடவிடுவதும் நிறுத்துவதும் காலால்தான். மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். மறுபடி மிதித்தால் இரண்டு நொடி பின்னால் போய் ஆரம்பிக்கும். புரியாத வார்த்தையை இப்படி இருபது தடவை கேட்பார்கள். அப்போதும் புரியவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போட்டு விட்டுவிட வேண்டும். ஊகித்து அடிக்கக் கூடாது. மருந்துப் பெயரில் ஒரு எழுத்து மாறினால் ஆள் போய்விடுவான்.

இந்த வேலையில் பத்து வருஷம் ஊறியவருக்கு முப்பத்தொன்றாம் வயதில் கிட்டார் வந்து சேர்ந்தது. அதுவும் தேடிப் போய் வாங்கியதல்ல. ஆஸ்பத்திரி ஆண்டுவிழாவுக்கு ஊழியர்களே ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். கீபோர்டு வாசிப்பவர் மருந்தகத்தில் வேலை பார்ப்பவர். டிரம்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர். பாடுவது தலைமை நர்ஸ். எல்லாரும் அவரை சிஸ்டர் என்பார்கள். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் மாற்றல் வந்துவிட்டது. கிட்டார் ஆஸ்பத்திரி ஊழியர் மன்றத்துச் சொத்து. அது ரெக்கார்டு ரூமில், அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

ஒருநாள் டீ நேரத்தில் மருந்தகக்காரர் வந்து, "யாராவது சும்மா மாட்டிக்கிட்டு மேடையில நின்னா போதும். பேஸை யாரு கேக்கப் போறாங்க? கூட்டத்துல ஒருத்தருக்குக் கூடத் தெரியாது" என்றாராம்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. யாருமே காது கொடுக்காத குரலைக் கேட்டுக் கேட்டு எழுதுவதுதானே தன் பிழைப்பு? "நான் கேக்கறேன். ஒரு மாசம் இருக்கில்ல?" என்றார்.

கிட்டாரை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. பாடம் எடுக்க ஆளில்லை. ஆபீஸில் பழுதென்று ஒதுக்கிவைத்த ஒரு பெடலைக் கேட்டு வாங்கி, தம்பியிடம் கொடுத்து வயரை ஒட்டவைத்தார். டாக்டர் குரலுக்குப் பதில் பாட்டை ஏற்றினார். மிதி, கேள், விடு. இரண்டு கையும் கிட்டாரில்.

முதல் பாட்டுக்குப் பத்தொன்பது நாள் ஆனது.

அந்தப் பத்தொன்பது நாளை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் நாலு நாள் பேஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையாம். வயலின் கேட்கிறது, தபேலா கேட்கிறது, பாடுகிறவர் மூச்சு வாங்குவது கூடக் கேட்கிறது. பேஸ் மட்டும் இல்லை. ஐந்தாம் நாள் ஆபீஸில் ஒரு டாக்டரின் குரல் இழுத்து இழுத்து அறுவையாக இருக்க, வேகத்தை இரட்டிப்பாக்கி ஓட்டினார். குரல் கீச்சென்று எலி மாதிரி மேலே போனது. சட்டென்று பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து பாட்டையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டார். அடியில் புதைந்து கிடந்த பேஸ் மேலே எழும்பி வந்து, தனி ஆளாக நடுக்கூடத்தில் நின்றது. "அடப்பாவி, இங்கதான் இருந்தியா" என்று அக்கா வாய்விட்டே சொன்னாராம்.

அதற்குப் பிறகு ஒரு முறையைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். முதலில் கிட்டாரைத் தொடாமல் கேட்பது. அப்புறம் ஒவ்வொரு வரியின் முதல் அடியில் விழும் சுரத்தை மட்டும் வாயால் பிடிப்பது. வாயில் உட்கார்ந்த சுரத்தைத்தான் கம்பியில் தேடுவது. "வாயில வராதது விரல்ல வராதும்மா. வந்தாலும் நிக்காது" என்பார். முதல் அடிகள் வரிசையாகக் கிடைத்ததும், இது எங்கிருந்து எங்கே போகிறது, நேராகப் போகிறதா, வழியில் யாரையாவது பார்த்துவிட்டுப் போகிறதா என்று நடுவை நிரப்புவது. சந்தேகமான இடத்தில் ஒன்றும் வாசிக்காமல் விட்டுவிடுவார். டைப்பில் கோடு போடுவதுபோல. சில பாட்டுகளில் அந்தக் கோடு ஒரு மாதம்கூட நின்றிருக்கிறது.

எழுதிவைக்கும் பழக்கமே கிடையாது. நாள் முழுக்க எழுதுவது போதாதா என்பார். மனப்பாடம் எல்லாம் வேறு வேலைகளுக்கு நடுவில்தான். பஸ்ஸில் கைப்பைப் பிடியில் விரல்கள் ஓடும். துணி காயப்போடும்போது கொடிக்கயிறு கம்பியாகிவிடும். நடக்கும்போது வலது முழங்கையின் உள்பக்கம் இடது விரல்கள் தாவிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் அக்காவுக்கு ஏதோ அரிப்பு என்று நினைப்பார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒரு களிம்பே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை வாங்கி, நன்றி சொல்லி, முழங்காலுக்குத் தடவிக்கொண்டார்.

நான் காய் நறுக்கும்போது வந்து நிற்பார்.

"எங்கயாவது சொல்லு."

"எங்கன்னா?"

"பாட்டுல எந்த இடம் வேணும்னாலும். நான் அங்கிருந்து ஆரம்பிக்கணும்."

"ரெண்டாவது சரணம், மூணாவது வரி."

ஒரு நொடி கண்ணை மூடுவார். அப்புறம் வாயாலேயே 'தும்த தும், தூம் தும்தும்' என்று அங்கிருந்து பிடித்துக்கொண்டு போவார். விரல்கள் அடுப்பு மேடையின் விளிம்பில் ஓடும். முதலிலிருந்து மட்டும் தெரிந்தால் அது தெரிந்ததாகாது, வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி, நடுவில் யாராவது தும்மினால் மறுபடி ஓரொன்று ஒன்றிலிருந்து வர வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் நான் வேண்டுமென்றே நடுவில் பேச்சுக் கொடுக்க வேண்டும். "அக்கா, கேஸ் எப்போ தீரும்?" என்பேன். "பதினஞ்சு தேதி" என்று பதிலும் வரும், தாளமும் நிற்காது. அப்படி மூன்று நாள் தேறினால்தான் அந்தப் பாட்டு கணக்கில் சேரும்.

குறையே இல்லாதவர் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவளாவேன். பால் பொங்கி அடுப்பு அணைந்த நாட்கள் எத்தனையோ. பாட்டு எடுக்கும்போது கூப்பிட்டால் 'ம்' என்பார். அந்த 'ம்'முக்கு என்ன பொருள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள், அவளை அழைத்து வரச் சொல்லி அக்காவை அனுப்பினேன். அக்கா பள்ளிக்கூட வாசல் வரை போய், அதைத் தாண்டியும் நடந்து, ஒரு சுற்றுச் சுற்றி வீடு வந்து சேர்ந்தார், விரல்கள் முழங்கையில். குழந்தை வாசலில் அவரைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள். அத்தை ஏதோ விளையாட்டு விளையாடுகிறாள் என்று நினைத்து வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. கேட்டைத் திறந்து திரும்பிப் பார்த்த அக்கா, "நீ எப்போ வந்தே?" என்றார்.

நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவே வந்து, "திட்டிடு. இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா நான் எங்க போவேன்?" என்றார். திட்டினேன். நன்றாகவே திட்டினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போவார்.

மாமியாருக்கு இதில் எதுவும் பிடிக்காது. "ஏண்டி, வாசிக்கிறதே வாசிக்கிறே, பாட்டு மாதிரி ஏதாவது வாசிக்கக் கூடாதா? எப்பப் பாரு தும்மு தும்முன்னு. நாலு கம்பி போதலைன்னா இன்னும் ரெண்டு கட்டிக்கோயேன்" என்பார்.

"அம்மா, வீட்டுல அஸ்திவாரம் கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியல. அதுக்காக அஸ்திவாரத்தைக் கூடத்துல கொண்டுவந்து போடுவாங்களா?"

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

குழுவில் அக்காவின் பெயர் நிலைத்தது ஒரு பிரிவு உபசார விழாவில். நானும் போயிருந்தேன். ஆஸ்பத்திரி உணவுக்கூடத்தில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு மேடை போட்டிருந்தார்கள். ஒரு பாட்டின் நடுவில், முதல் சரணம் முடிந்து நீளமான இடையிசை போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. சிஸ்டரின் கவனம் சிதறி, பாதி இடையிசையிலேயே இரண்டாவது சரணத்தைப் பாட ஆரம்பித்துவிட்டார். கீபோர்டில் மருந்தகக்காரர் பேப்பரைப் பார்த்து வாசிப்பவர்; கண் எந்த வரியில் இறங்குவது என்று தடுமாறியது. டிரம்ஸில் டிரைவரின் குச்சி அந்தரத்தில் நின்றது. ஒரே ஒரு அடி வெறுமை. அடுத்த அடியில் அக்கா சரணத்தின் முதல் வரியில், சரியான சுரத்தில் காலை ஊன்றி நின்றிருந்தார். டிரைவர் அவரைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பிடித்துக்கொண்டு மருந்தகக்காரரும் வந்து சேர்ந்தார். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

கீழே இறங்கியதும் டிரைவர் சொன்னார், "எப்பவும் நான் சைரன் போட்டா மத்தவங்கதான் ஒதுங்குவாங்க. இன்னைக்கு நீங்க போட்டீங்க, நான் பின்னாலயே வந்துட்டேன்."

மறுநாள் மருந்தகக்காரரிடமிருந்து ரெக்கார்டு ரூமுக்கு ஒரு புது செட் கம்பி வந்து சேர்ந்தது.

இப்படி வருஷத்துக்குப் பத்துப் பாட்டு என்று சேர்ந்து, பதினாலு வருஷத்தில் நூற்று நாற்பதானது. எல்லாம் தலைக்குள். எந்தப் பாட்டின் எந்த வரியைச் சொன்னாலும் அங்கிருந்து வரும். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து.

ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது போன் வந்தது. அக்கா இடது காதில் வைத்து, "ஹலோ, ஹலோ" என்றார். "கட் ஆயிடுச்சு" என்று கீழே வைத்தார். மறுபடி அடித்தது. மறுபடி கட். மூன்றாவது தடவை நான் எடுத்தேன். ஆபீஸ் தோழி தெளிவாகப் பேசினார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். போனை வாங்கி வலது காதில் வைத்தார். இடது காதில் வைத்தார். மறுபடி வலது. செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று வேலைக்காக அல்ல.

சிலருக்கு இப்படித் திடீரென்று ஒரு காது அடங்கிவிடும் என்றார் காது டாக்டர். மாத்திரை கொடுத்தார், காதுக்குள் ஊசி போட்டார். சில பேருக்குத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. அக்காவுக்குத் திரும்பவில்லை. காது போன இடத்தில் ஒரு விசில் சத்தம் மட்டும் குடிவந்தது, தூங்கும்போதும் விடவில்லை.

மூன்றாவது வாரம் வேலையில் சேர்ந்தார். டைப் வேலைக்கு வலது காது போதும். சேர்ந்த நாலாம் நாள் காது டாக்டரின் பதிவு ஒன்று அவர் மேஜைக்கு வந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண், திடீர்ச் செவித்திறன் இழப்பு. அக்கா தன் சொந்தக் கேஸை ஒரு வார்த்தை விடாமல் அடித்தார். முன்னேற்றமில்லை, நிரந்தர இழப்பாக இருக்கக்கூடும் என்ற வரியையும் அடித்தார். அப்புறம் பெடலை விட்டுவிட்டு மறுபடி மிதித்துக் கேட்டார். டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், நாலாவது ரிப்போர்ட்ல வலது காதுன்னு சொல்லியிருக்கீங்க. இடது."

"அப்படியா? வலதுன்னுதான் ஞாபகம். எப்படி உறுதியா சொல்றீங்க?"

"அந்தப் பேஷன்ட் நான்தான் டாக்டர்."

இதை அக்கா எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு அறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கிட்டார் உறைக்குள் போய், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்தகக்காரர் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். "நீங்க ஓய்வெடுங்க மேடம். பேஸை நான் கீபோர்டுல இடது கையாலயே சமாளிச்சுக்கறேன்" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். அக்காவும், "அதான் சரி" என்று டீ கொடுத்து அனுப்பினார். அவர் படி இறங்கும் வரை முகத்தில் சிரிப்பை வைத்திருந்தார்.

இரண்டு மாதம் வீட்டில் அந்தச் சத்தமில்லை. எனக்கே கை ஓடவில்லை. ஒருநாள் மாமியார் அக்காவின் அறை வாசலில் போய் நின்றார்.

"ஏண்டி."

"என்னம்மா?"

"வீடு என்னமோ மாதிரி இருக்கு. அந்த அஸ்திவாரத்தைக் கொஞ்சம் கூடத்துல கொண்டுவந்து போடேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தார். மெதுவாக எழுந்து கிட்டாரை எடுத்தார். தூசி தட்டினார். ஒரு பழைய பாட்டை ஏற்றி, ஹெட்போனை மாட்டி, பெடலை மிதித்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, முகம் வெளுத்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வீசினார்.

"பேஸே இல்ல. மத்ததெல்லாம் கேக்குது, பேஸ் மட்டும் சுத்தமா இல்ல. வலது காதும் போகுதுடி!"

என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். நான் பயந்துபோய், கீழே கிடந்த ஹெட்போனைப் பொறுக்கி, "இன்னொரு தடவை கேளுங்கக்கா, அவசரப்படாதீங்க" என்று நானே அவர் தலையில் மாட்டினேன். எந்தப் பக்கம் இடது, எந்தப் பக்கம் வலது என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. மாற்றி மாட்டியிருக்கிறேன்.

அக்கா மிதித்தார். காலை எடுக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வாய் திறந்தபடி இருந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பழைய பதிவுகள் சிலவற்றில் ஒரு வாத்தியத்தை முழுக்க ஒரு பக்கத்திலேயே வைத்துவிடுவார்களாம். இந்தப் பாட்டில் பேஸ் முழுக்க இடது பக்கம். அது செத்த காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மாற்றி மாட்டியதும், அந்தப் பக்கம் மொத்தமும் நல்ல காதுக்கு வந்துவிட்டது.

"அழாதீங்கக்கா, அதான் கேக்குதே" என்றேன்.

"கேக்குதுன்னு அழலம்மா. இந்தப் பாட்டைத் தப்பா வாசிச்சிருக்கேன். ஒன்பது வருஷமா."

மூன்றாவது வரி முடியும் இடத்தில் பேஸ் மேலே ஏறுவதாக அக்கா வாசித்து வந்தார். ஏறியது பேஸே இல்லை, மறுபக்கத்திலிருந்த செல்லோ என்கிற பெரிய வயலின். இரண்டு காதாலும் கேட்டபோது இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டது. ஒற்றைக் காதுக்கு பேஸ் தனியாக வந்தபோதுதான் தெரிந்தது, அது எங்கேயும் ஏறவில்லை, கீழேயே அசையாமல் நிற்கிறது.

அன்று சாயங்காலமே மருந்தகக்காரருக்குப் போன்.

"சார், மன்னிச்சுக்கோங்க. நம்ம சிஸ்டர் எப்பவும் பாடற அந்தப் பாட்டு, மூணாவது வரி கடைசி சுரம் தப்பு. என் தப்பு."

"மேடம், அதை ஆயிரம் தடவை வாசிச்சிருப்போம். யாருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

அதற்குப் பிறகு அக்கா செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. நூற்று நாற்பது பாட்டையும் முதலிலிருந்து எடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு தடவை நேராக மாட்டி, ஒரு தடவை மாற்றி மாட்டி, ஒரு பக்கத்தில் என்ன இருக்கிறது, மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் கேட்டார். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து கிடந்த பாட்டுகளில் பழையபடி இரட்டை வேகம். விசில் சத்தம் மிஞ்சும் நாட்களில் கிட்டாரின் உடலில் கொம்பு மாதிரி நீண்டிருக்கும் மேல் முனையில் தாடையை வைத்து அழுத்திக்கொள்வார். கம்பியின் அதிர்வு எலும்பு வழியாகவே வந்துவிடும். சுருதி சேர்ப்பதும் அப்படித்தான். பதினோரு மாதம் ஆனது. நூற்று ஒன்பது பாட்டு சரியாகவே இருந்தது. முப்பத்தொன்றில் தப்பு. சிலவற்றில் ஒரு சுரம், ஒன்றிரண்டில் ஒரு வரி முழுக்கவே. தப்பைத் திருத்துவதைவிடப் பழையதை விரலிலிருந்து விரட்டுவதுதான் பெரும்பாடு என்பார். அதற்காகவே சரியானதை நூறு தடவை மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி வாசிப்பார்.

குழுவுக்குத் திரும்பியபோது மருந்தகக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. அவருடைய இடது கை ஒரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்ததாம். டிரம்ஸ் இடம் மாறி அக்காவின் வலது பக்கம் வந்தது. டிரைவர் தானே தட்டுமுட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "எந்தப் பக்கம்னு சொல்லுங்க, நிறுத்திடறேன். வண்டி நிறுத்தறது எனக்குப் பழக்கம்தானே" என்றார்.

அடுத்த ஆண்டுவிழாவில் அந்தப் பாட்டு ஏழாவதாக வந்தது. நானும் மாமியாரும் மூன்றாவது வரிசையில். மூன்றாவது வரி நெருங்கும்போது நான் அக்காவின் விரல்களையே பார்த்தேன். பழைய பழக்கத்தில் விரல் மேலே ஏறிவிடுமோ? ஏறவில்லை. கீழேயே நின்றது. ஒரே சுரம், அழுத்தமாக. எனக்கே அந்த இடம் வேறு மாதிரி கேட்டது. பக்கத்தில் மாமியார், "இன்னைக்கு என்னடி மெதுவா வாசிக்கிறா?" என்றார். மெதுவாக இல்லை என்று விளக்க நேரமில்லை.

எல்லாம் முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்தார். அவரிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"அந்த மூணாவது வரி முடியற இடத்துல எனக்கு எப்பவும் மூச்சு முட்டும். எங்க நிக்கிறதுன்னே தெரியாது. வயசாகுது போலன்னு நினைச்சிருந்தேன். இன்னைக்கு என்னமோ தானா போய் உட்கார்ந்துச்சு. என்ன பண்ணீங்க?"

அக்கா வயரை முடிச்சுப் போட்டுக் கீழே வைத்தார். "ஒண்ணும் பண்ணல சிஸ்டர். இத்தனை வருஷமா உங்க வழியில நான்தான் குறுக்க நின்னுட்டு இருந்திருக்கேன். இப்போ விலகிட்டேன்."

சிஸ்டர் அது ஏதோ தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் கிட்டாரைத் தூக்க வந்தேன். அக்கா தரவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று பேருமாக ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தோம். பஸ் வருவதற்குள், புதிதாக எடுக்க ஆரம்பித்திருக்கும் பாட்டின் இடையிசையில் ஒரு இடம் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்கிறது என்று ஆரம்பித்தார். பஸ் வந்து, ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.